தங்ளின் ஹால்ட் பக்கம் 42 வருடக் குத்தகை வீடு: "செர்ஸ் வரும்" என்கிறார் ஏஜென்ட், வாங்கலாமா?

மூவறை_தேடல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 34, கணவருக்கு 37. பையன் அடுத்த வருடம் தொடக்கநிலை ஒன்று. இப்போது வாடகை வீடு, மாமனாரும் எங்களோடுதான். போன சனிக்கிழமை சிங்கப்பூரில் குவீன்ஸ்டவுன் வட்டாரத்து காமன்வெல்த் எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு மூவறை வீடு பார்த்தோம். ஏழாவது மாடி, நல்ல காற்று, சமையலறையில் நிற்கும்போதே பிடித்துவிட்டது. கேட்கும் விலை 390,000 வெள்ளி. 99 வருடக் குத்தகை 1969ல் தொடங்கியது, மிச்சம் 42 வருடம்தான்.

தாழ்வாரத்தில் நின்றால் தங்ளின் ஹால்ட் பக்கம் முழுவதும் கட்டுமான வேலிதான் தெரிகிறது, நடுவில் கிரேன்கள். ஏஜென்ட் அதையே கை நீட்டிக் காட்டிச் சொன்னார், "பார்த்தீங்களா, அது போச்சு, அடுத்து இந்த வரிசைதான். அஞ்சு வருஷத்துல செர்ஸ் வரும், புது 99 வருஷ வீடு கையில் வரும், இதை விட்டா கிடைக்காது." செர்ஸ் என்றால் பழைய புளோக்கை அரசாங்கம் எடுத்துக்கொண்டு இழப்பீடும் புது வீடும் தருகிற திட்டம். கணவர் அரைவாசி நம்பிவிட்டார். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

மாமனாருக்கு இந்த இடம் என்றால் உயிர். அவருடைய அப்பா மலாயன் ரயில்வேயில் வேலை பார்த்தவர். செவ்வாய் வெள்ளி தவறாமல் காமன்வெல்த் டிரைவ் முனீஸ்வரர் கோயிலுக்குப் போவார். இங்கே வந்தால் நடந்தே போய்விடலாம் என்று இப்போதே புதுச் செருப்பு வாங்கி வைத்துவிட்டார், சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

கேட்க வேண்டியது மூன்று. செர்ஸ் பற்றி ஏஜென்ட் சொல்வதில் ஏதாவது இருக்கிறதா? இவ்வளவு கட்டடம் எழும்பும்போது பழைய கடைகள் திரும்ப வருமா, இல்லை பூ வாங்கவும் தோசை மாவு வாங்கவும் தேக்கா சந்தை வரை போகணுமா? கட்டுமானச் சத்தம் எத்தனை மணி வரை இருக்கும்?

ஹால்ட்_பழைய_ஆள் எழுதியது:

தங்கச்சி, நான் அந்த வேலிக்குள் இருந்த ஆள். அதாவது இப்போது நீங்கள் கிரேன் பார்த்த இடத்தில் எங்கள் புளோக் இருந்தது. நாலாவது மாடி, முப்பது வருடத்துக்கு மேல்.

2014 ஜூனில் அறிவிப்பு வந்தது. 31 புளோக், 3,480 வீடு, ஒரே நேரத்தில். செர்ஸ் திட்டத்தில் அதுவரை அவ்வளவு பெரியதாக எங்கேயும் செய்ததில்லை. அன்றைக்குக் காப்பிக்கடையில் யாரும் காப்பி குடிக்கவில்லை, எல்லாரும் நின்றுகொண்டே பேசினோம். சிலர் சிரித்தார்கள், சிலர் லாட்டரி விழுந்த மாதிரி கைகுலுக்கினார்கள். எங்கள் எதிர்வீட்டுச் சீனப் பாட்டி மட்டும் ஒன்றும் சொல்லாமல் தன் பூந்தொட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு மோசம் ஒன்றும் நடக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். அறிவிப்பு வந்த தேதியின் சந்தை விலையைக் கணக்கிட்டு இழப்பீடு கொடுத்தார்கள், குவீன்ஸ்டவுனுக்குள்ளேயே டாசன் பக்கம் புது 99 வருட வீடு சலுகை விலையில் கிடைத்தது, வீடு மாறும் செலவுக்கும் ஒரு தொகை. மூவறையைக் கொடுத்து மூவறையே எடுத்ததால் கையில் கொஞ்சம் மிஞ்சியது. ஆனால் 2014ல் அறிவித்து நாங்கள் பெட்டி கட்டியது பல வருடம் கழித்துத்தான். அந்த இடைப்பட்ட காலத்தில் வீட்டுக்கு வர்ணம்கூட அடிக்கத் தோன்றாது, இடிக்கப் போகிற சுவருக்கு எதற்கு என்று. ஏஜென்ட் "அஞ்சு வருஷத்துல கையில்" என்று சொல்வதைக் கேட்டதும் அதுதான் நினைவுக்கு வந்தது.

எங்கள் புளோக்குகளை ஏன் எடுத்தார்கள் என்பதைப் பாருங்கள். 60களின் தொடக்கத்தில் கட்டியவை, உயரம் பத்து மாடிக்கு மேல் இல்லை, நிலமோ எம்ஆர்டிக்குப் பக்கத்தில். எங்களைக் குடியமர்த்த டாசனில் காலி இடம் தயாராக இருந்தது. இந்தப் பொருத்தம் எல்லாம் ஒரே இடத்தில் கூடி வருவது அபூர்வம். நீங்கள் பார்த்த புளோக்கில் எத்தனை மாடி, சுற்றி எவ்வளவு காலி நிலம் என்று ஒருமுறை நின்று எண்ணிப் பாருங்கள். ஏஜென்ட் எண்ணியிருக்க மாட்டார்.

அந்தப் பாட்டி சிறிய ஈரறை வீடு எடுத்துக்கொண்டார். தொட்டியில் பாதிதான் வைக்க இடம் இருந்தது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

ஏஜென்ட் சொன்னதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு எண்களைப் பாருங்கள்.

செர்ஸ் 1995ல் தொடங்கியது. வீவக, அதாவது அரசாங்கத்தின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய வீடுகளில் ஏறக்குறைய ஐந்து விழுக்காடு மட்டுமே அதற்குப் பொருந்தும் என்று 2018 தேசிய தினப் பேரணியிலேயே அப்போதைய பிரதமர் சொல்லிவிட்டார். கடைசியாகப் பார்த்தது 2022 ஏப்ரலில் அங் மோ கியோ அவென்யூ 3, நாலு புளோக், 606 வீடு. அங்கே என்ன நடந்தது என்று ஞாபகம் இருக்கிறதா? பழைய வீட்டுக்குக் கிடைக்கும் தொகையில் அதே அளவு புது வீடு வாங்க முடியாமல் கையிலிருந்து போட வேண்டிவரும் என்று முதியவர்கள் குமுறினார்கள், பிறகு 50 வருடக் குத்தகையில் குறைந்த விலைக்கு எடுக்கலாம் என்று ஒரு வழி கொடுத்தார்கள். குத்தகை கரையக் கரைய இழப்பீடும் கரையும், ஏனென்றால் அது சந்தை விலை. செர்ஸ் என்றாலே ஜாக்பாட் என்ற காலம் 2022லேயே போய்விட்டது.

செர்ஸ் போக வெர்ஸ் என்று ஒன்று வருகிறது. வீடு 70 வயதை நெருங்கும்போது குடியிருப்பாளர்கள் வாக்களித்து முடிவு செய்வது. அடுத்த பத்தாண்டின் முன்பாதியில் சில இடங்களில் தொடங்க நினைக்கிறார்கள். சலுகை செர்ஸ் அளவுக்கு இருக்காது என்று அறிவித்தபோதே சொல்லிவிட்டார்கள். உங்கள் புளோக்குக்கு 70 வயது 2039ல். அதை நம்பி இன்று 390,000 வெள்ளியைப் போட மாட்டேன்.

இப்போது மசேநிதி, அதாவது சம்பளத்திலிருந்து சேரும் மத்திய சேமநிதி. 2019 மே மாதத்திலிருந்து விதி என்னவென்றால், வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை தாங்க வேண்டும், அப்போதுதான் முழு அளவுக்கு மசேநிதியைத் தொடலாம். உங்கள் கணக்கு 34 + 42 = 76. தாங்கவில்லை. அதனால் மசேநிதி வரம்பு விகிதப்படி குறையும், வீவக கடனும் அப்படித்தான், முதல்முறை வாங்குவோருக்கான மானியங்களில் ஒன்றும் அப்படித்தான். மிச்சத்துக்கு ரொக்கம். ஏஜென்ட் இதைச் சொன்னாரா? வீவக கடன் உச்சமே 2024 ஆகஸ்ட்டிலிருந்து 75 விழுக்காடுதான், அதிலும் உங்களுக்கு வெட்டு. மசேநிதி இணையப்பக்கத்தில் கணக்குப் போட ஒரு கருவி இருக்கிறது, உங்கள் பிறந்த தேதியையும் குத்தகையையும் போட்டால் எவ்வளவு எடுக்கலாம் என்று அதுவே சொல்லும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் அதைச் செய்யுங்கள், பின்னால் இல்லை.

ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சொல்கிறேன். 390,000ஐ 42ஆல் வகுத்தால் வருடத்துக்கு 9,286, மாதத்துக்கு 774 வெள்ளி, வட்டி சேர்க்காமல். இப்போது நீங்கள் கட்டுகிற வாடகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 42 வருட வாடகையை மொத்தமாகக் கட்டுகிறோம் என்ற மனநிலையில் வாங்கினால் இது கெட்ட விலையே இல்லை. விற்று லாபம் பார்க்கலாம் என்று நினைத்தால்தான் சிக்கல். 15 வருடம் கழித்து விற்கப் போனால் மிச்சம் 27 வருடம், முப்பது வயதுக்காரர் யார் வந்து வாங்குவார்? 20 வருடத்துக்குக் கீழே போய்விட்டால் மசேநிதியைத் தொடவே முடியாது. உங்களுக்கு 76 வயதாகும்போது சாவியைத் திருப்பிக் கொடுக்கணும். அந்த வயதில் எங்கே போவது என்று இன்றைக்கே யோசித்து வைத்திருந்தால் சரி.

அப்புறம் ஒரு கேள்வி. ஏன் பிடிஓ, அதாவது வீவக புதிதாகக் கட்டித் தரும் வீட்டுக்கு விண்ணப்பம், போடவில்லை?

சும்மா_ஒரு_கருத்து எழுதியது:

வாங்குங்க சிஸ். குவீன்ஸ்டவுன் எப்போதும் குவீன்ஸ்டவுன்தான். டாசனில் பத்து லட்சம் வெள்ளிக்கு மேல் போகிறது வீவக வீடு. இடத்துக்குத்தான் விலை.

கணக்கப்பிள்ளை எழுதியது:

பத்து லட்சத்துக்குப் போனது 2015லும் அதற்குப் பிறகும் முடிந்த வீடுகள், தொண்ணூறு வருடக் குத்தகையோடு. 1969 வீட்டை அதன் பக்கத்தில் நிறுத்திப் பேசாதீர்கள் நண்பரே.

மூவறை_தேடல் எழுதியது:

கணக்கப்பிள்ளை சார், நன்றி, நேற்று இரவு அந்தக் கருவியில் போட்டுப் பார்த்தோம். கணவர் அரைமணி நேரம் ஒன்றும் பேசவில்லை. ரொக்கமாகத் தேவைப்படுவது நாங்கள் சேர்த்து வைத்ததைவிட அதிகம். ஏஜென்ட் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

பிடிஓ பற்றிக் கேட்டீர்கள். தங்ளின் ஹால்டில் ஐயாயிரத்துக்கும் மேல் புது வீடு வருகிறது என்று தெரியும். ஆனால் இந்த வட்டாரத்தில் இனி வரும் பிடிஓ எல்லாம் பிரைம் வகையில்தான் வரும் போலிருக்கிறது. கட்டி முடிக்கவே நாலைந்து வருடம், அதன் பிறகு 10 வருடம் விற்க முடியாது, விற்கும்போது சலுகையில் ஒரு பங்கைத் திருப்பித் தரணும், முழு வீட்டையும் வாடகைக்கு விடவும் முடியாது. அதுகூடப் பரவாயில்லை, நாங்கள் இருக்கத்தான் வாங்குகிறோம். ஆனால் பையனுக்கு அடுத்த வருடம் பள்ளி, மாமனாருக்கு 74. அவரைக் காத்திருக்கச் சொல்ல முடியவில்லை.

கடைகளைப் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

ஊசிநூல் எழுதியது:

நான் சொல்கிறேன் தங்கம். அந்தப் பக்கம் புளோக்குக்குக் கீழே 19 வருடம் தையல் கடை வைத்திருந்தேன். கடை என்றால் முழுக்கடைகூட இல்லை, பாதிக்கடை. முன்பக்கம் ஒருத்தர் கைப்பேசி உறை விற்றார், பின்பக்கம் நானும் இரண்டு தையல் மிஷினும் ஓவர்லாக் மிஷினும்.

புளோக்கை எடுக்கும்போது வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் எல்லாரும் பேசுவார்கள். கீழ்த்தளத்தில் மூன்று சாதி இருக்கிறது. கடையைச் சொந்தமாக வாங்கி வைத்திருந்தவர்கள் ஒரு சாதி. 90களில் வீவக கடைகளை விற்றது, 1998க்குப் பிறகு விற்பதில்லை. அப்போது வாங்கியவர்களுக்கு நிலம் எடுக்கும்போது சந்தை விலை கிடைக்கும். வீவகவிடம் நேரடியாக வாடகைக்கு எடுத்தவர்கள் இரண்டாவது, அவர்களுக்கும் கருணைத்தொகை என்று ஒன்று உண்டு. மூன்றாவது என் மாதிரி ஆட்கள், சொந்தக்காரரிடம் வாடகைக்கு, அதிலும் உள்வாடகைக்கு இருப்பவர்கள். எங்கள் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது. கடை உரிமையாளர் நல்ல மனிதர்தான், ஆனால் அவருக்குக் கிடைத்தது அவருக்கு. எனக்குக் கிடைத்தது இரண்டு மாத அவகாசமும் ஒரு பழக்கூடையும்.

கடைசி வாரம் என்ன செய்தேன் தெரியுமா? தைத்து வைத்து வாங்க வராத துணிகளை எடுத்துத் தரையில் பரப்பினேன். 41 உருப்படி. ரவிக்கைதான் அதிகம், ஒரு பள்ளிச் சீருடை, ஒரு மலாய் பாஜு குரோங், ஒரு கோட்டு. ஒவ்வொன்றிலும் சீட்டுக் குத்தியிருக்கும், பின்னால் போன் நம்பர். உட்கார்ந்து வரிசையாக அழைத்தேன். பாதி நம்பர் உபயோகத்தில் இல்லை. ஒரு மகள் எடுத்து, "அம்மா தவறிட்டாங்க ஆன்ட்டி, ரெண்டு வருஷம் ஆச்சு, அந்த ரவிக்கை என்ன கலர்?" என்று கேட்டாள். மயில்கழுத்து நிறம் என்றேன். அன்று மாலையே வேலை முடிந்து நேராக வந்து வாங்கிக்கொண்டு போனாள். பணம் வேண்டாம் என்றேன், 18 வெள்ளி வைத்துவிட்டுத்தான் போனாள்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். கடைகள் வரும், நிறையவே வரும். தங்ளின் ஹால்டில் புதிதாக வருவதில் பலதுறை மருந்தகம், சந்தை, உணவங்காடி எல்லாம் ஒரே இடத்தில். கட்டடத்தைப் பொறுத்தவரை பழையதைவிட வசதியாகத்தான் இருக்கும், கூரை ஒழுகாது, கழிவறை சுத்தமாக இருக்கும். ஆனால் புதுக் கடைக்கு வாடகை ஏலக்குத்தகையில் போகும். யார் அதிகமாக எழுத முடியும்? குளிர்பானக் கடை எழுதும், துணைப்பாட நிலையம் எழுதும், பல் மருத்துவர் எழுதுவார். ரவிக்கைக்குக் கொக்கி வைத்து மூன்று வெள்ளி வாங்குகிறவள் என்ன எழுதுவாள்? பூச்சரம் கட்டுகிறவர், சாவி வெட்டுகிறவர், செருப்புத் தைக்கிறவர், இவர்கள் எல்லாம் பழைய வாடகை இருந்ததால் இருந்தவர்கள். இடிபட்டது கட்டடம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், எனக்கு அது அந்த வாடகைதான்.

கேட்டால் மானியம் கொடுத்து ஒன்றிரண்டு பழைய கடைகளை வைத்துக்கொள்வார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். வந்தால் சந்தோஷம். நான் காத்திருக்கவில்லை. இப்போது வீட்டிலிருந்தே தைக்கிறேன், வாட்ஸ்அப்பில் அளவு வருகிறது. வாட்ஸ்அப்பில் அளவு எடுத்துத் தைப்பது பாவம், ஆனால் காலம் அப்படி.

பூவுக்குத் தேக்கா போக வேண்டாம். கோயில் பக்கம் விசேஷ நாட்களில் கிடைக்கும், மற்ற நாட்களில் முன்கூட்டியே சொல்லி வைத்தால் கொண்டுவந்து தருகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

ரயிலடி எழுதியது:

மாமனாரின் அப்பா ரயில்வே என்று படித்ததும் இதை எழுதாமல் போக மனமில்லை.

ஹால்ட் என்ற பெயரே வண்டி நிற்கும் சின்ன நிறுத்தத்திலிருந்து வந்ததுதான். 1903ல் போட்ட முதல் பாதை டேங்க் ரோடு பக்கம் போனது. 1932ல் அதை மாற்றி புக்கிட் தீமா வழியாக தஞ்சோங் பகாருக்குக் கொண்டுவந்தார்கள், அந்தப் பாதைதான் இந்தப் பக்கம் வந்தது. நிலம் மலாயன் ரயில்வேயின் கையில். அதனால் தீவுக்கு நடுவில் வகிடு எடுத்த மாதிரி ஒரு கோடு, இரண்டு பக்கமும் நகரம் வளர்கிறது, கோட்டில் மட்டும் யாரும் கை வைக்க முடியாது. 1990ல் சிங்கப்பூர், மலேசிய அரசாங்கங்கள் இரண்டும் ஓர் உடன்பாடு போட்டு, அதன் அர்த்தம் என்ன என்று இருபது வருடம் வாதாடி, 2010ல்தான் நிலமாற்று பேசி முடித்தார்கள். கடைசி வண்டி 2011 ஜூன் 30 இரவு. ஜோகூர் சுல்தானே ஓட்டிக்கொண்டு போனார். நான் தண்டவாளத்து ஓரத்தில் நின்றேன். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம், அதுவரை அந்த வண்டியில் ஒருமுறைகூட ஏறாதவர்கள்தான் அதிகம் அழுதார்கள் (நானும் ஏறியது இரண்டே தடவை).

சிறு வயதில் எங்கள் வீடு பாதைக்கு அடுத்தாற்போல். இரவு கோலாலம்பூர் வண்டி போகும்போது அடுக்களைத் தட்டில் எவர்சில்வர் டம்ளர்கள் ஒன்றோடொன்று இடித்து மெல்லக் கிணுகிணுக்கும். தொலைக்காட்சிச் சத்தத்தை அப்பா ஏற்றுவார், வண்டி போனதும் இறக்குவார். பேச்சை நிறுத்தவே மாட்டார், வாய் அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருப்போம்.

முனீஸ்வரர் கோயிலும் அந்த வண்டியோடு வந்ததுதான். ரயில்வேயில் வேலை பார்த்த நம் ஆட்கள் 1930களில் குவீன்ஸ்வே பக்கம் தண்டவாளத்து ஓரமாக வைத்துக் கும்பிட்ட சாமி. 1998ல்தான் காமன்வெல்த் டிரைவில் இப்போதைய கோயிலுக்கு வந்தது. உங்கள் மாமனாருக்கு இது எல்லாம் என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், உட்கார வைத்துக் கேளுங்கள். எழுதியும் வையுங்கள், எங்கள் தலைமுறையில் எழுதி வைத்தவர்கள் குறைவு.

இப்போது வீட்டு விஷயம். "ரயில் நிலம் காலியாகிவிட்டது, அதனால் அங்கே கட்டிக்கொண்டே போவார்கள், உங்கள் புளோக்கும் சேர்ந்து போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பாதை இருந்த இடத்தை, உட்லண்ட்ஸிலிருந்து தஞ்சோங் பகார் வரை 24 கிலோமீட்டரும், பசுமையாகத் தொடர்ச்சியாக வைத்துக்கொள்வதாக முடிவு செய்துவிட்டார்கள். தண்டவாளத்தைக் கழற்றி மலேசியாவிடம் கொடுத்தாயிற்று, நடைபாதை போட்டாயிற்று, புக்கிட் தீமா நிலையம் 2022ல் திறந்தாயிற்று. கட்டுவது எல்லாம் அதன் இரண்டு ஓரங்களிலும்தான். பாதை காலியானதால் ஓரத்து நிலத்துக்கு மவுசு கூடியது உண்மை, முன்பு முதுகு காட்டி நின்ற புளோக்குகள் இப்போது "பசுமைப் பாதைக் காட்சி" என்று முகம் திருப்பிக்கொண்டன. அந்த மவுசை உங்கள் 390,000ல் ஏற்கெனவே சேர்த்துவிட்டார் விற்பவர். நாளைக்கு வரப்போகும் லாபம் என்று ஏஜென்ட் உங்களிடம் விற்பது அதையேதான், இரண்டாம் முறை.

காலை ஏழு மணிக்கு ஒருநாள் அந்தப் பாதையில் நடந்து பாருங்கள், வாங்கினாலும் வாங்காவிட்டாலும். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள், சில இடங்களில் செருப்பு மண்ணோடு போய்விடும். மாமனாரின் புதுச் செருப்பு வேறு.

இரவு_ஷிஃப்ட் எழுதியது:

சத்தம் பற்றி யாரும் சொல்லவில்லையே. நான் இரவு வேலை, பகலில் தூக்கம், அதே பகுதிதான். அடித்தளத் தூண் (பைல்) இறக்கும் மாதங்கள் நரகம். பிறகு பழகிவிடும், பழகாவிட்டால் தலையணையை மேலே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். குடியிருப்பிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத்தில் சனிக்கிழமை இரவு 10 மணியிலிருந்து திங்கள் காலை 7 வரை வேலை செய்யக்கூடாது, பொது விடுமுறைக்கும் இதே மாதிரிதான். ஞாயிறு தப்பித்தீர்கள். தூசி தனிக்கதை, சன்னல் கம்பியைக் காலையில் துடைத்தால் மாலையில் விரலால் பெயர் எழுதலாம். மாமனாருக்கு ஆஸ்துமா இருந்தால் யோசியுங்கள். இன்னும் பல வருடம் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கும்.

ஹால்ட்_பழைய_ஆள் எழுதியது:

ஊசிநூல் அக்கா, நீங்களா! என் மகள் கல்யாணத்துக்கு ஏழு ரவிக்கை தைத்தீர்கள், ஒன்றுகூடத் திருத்தக் கொண்டுவரவில்லை. பின்பக்கம் எப்போதும் வானொலி ஓடிக்கொண்டிருக்கும் கடைதானே?

ஊசிநூல் எழுதியது:

அதேதான். ஏழு இல்லை, எட்டு. எட்டாவது உங்கள் சம்பந்தி அம்மாவுக்கு, கை நீளம் போதவில்லை என்று சொன்னார்கள்.

மூவறை_தேடல் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று வாரமாகிவிட்டது, என்ன ஆனது என்று சொல்லாமல் போனால் தப்பு.

ஏஜென்டுக்கு ஒரு குறுந்தகவல் அனுப்பினேன், "செர்ஸ் அஞ்சு வருஷத்துல வரும்னு சொன்னீங்களே, அதை எழுத்தில் கொடுக்க முடியுமா?" என்று. ஒரு சிரிப்புப் படம் வந்தது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

இப்போது புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு நாலறை பார்த்திருக்கிறோம். குத்தகை 1988ல் தொடங்கியது, மிச்சம் 61. 34 + 61 = 95, கணக்கப்பிள்ளை சார் விதிக்குச் சரியாக வந்து உட்கார்ந்தது, இன்னும் ஒரு வருடம் குறைந்திருந்தால் போச்சு. விலை அதிகம்தான், ஆனால் மசேநிதியை முழுதாகத் தொடலாம் என்பதால் ரொக்கம் குறைவு. கீழே கடைகள் சுமார், ஒரு மளிகைக்கடையில் கறிவேப்பிலை இருந்தது, அதை வைத்தே மனதைத் தேற்றிக்கொண்டேன்.

மாமனாரிடம் சொல்லத்தான் பயந்தோம். ரயிலடி ஐயா எழுதியதை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். டம்ளர் கிணுகிணுத்த இடம் வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "புக்கிட் பாஞ்சாங்கா? அதுவும் அதே லைன்தானே, அப்பா அந்தப் பக்கமும் வேலை பார்த்திருக்கார்" என்றார். அது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பழைய பாதை அந்த வழியாகவும் போகிறது.

ஆனால் செவ்வாய் வெள்ளி கோயிலுக்கு இனி டவுன்டவுன் பாதையில் ஏறி, பொட்டானிக் கார்டன்ஸில் வட்டப் பாதைக்கு மாறி, புவன விஸ்தாவில் கிழக்கு மேற்குப் பாதைக்கு மாறி, காமன்வெல்த்தில் இறங்கணும். மூன்று ரயில். போன வெள்ளிக்கிழமை ஒத்திகை பார்க்கிறேன் என்று தனியாகக் கிளம்பிவிட்டார். மத்தியானம் போன் செய்தார், கோயிலில் இருக்கிறேன், திரும்பி வரும்போது எந்தப் பக்கம் ஏறணும் என்று.

ஊசிநூல் அக்கா, உங்களுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன். புதுமனைப் புகுவிழாவுக்கு இரண்டு ரவிக்கை. வாட்ஸ்அப்பில் அளவு வேண்டாம், நானே நேரில் வருகிறேன்.

ஊசிநூல் எழுதியது:

வா. பழைய ரவிக்கை ஒன்று கையோடு கொண்டு வா, சரியாக இருக்கிறதை.